மறைந்திருக்கும் நான்காம் குழல்

'ரூட் கெனால்' எனப்படும் வேர்க்குழல் சிகிச்சை செய்த பல் மீண்டும் வலித்தால், "பிடுங்கிவிடுங்கள்" என்று பலர் அவசரப்படுகின்றனர். சற்றுப் பொறுங்கள். மேல்தாடையின் முதற் கடைவாய்ப்பல்லுக்குப் பெரும்பாலும் 3 வேர்கள்; ஆயினும் கன்னப்பக்கத்து முன்வேரில் இரண்டாவது குழல் ஒன்று அடிக்கடி ஒளிந்திருக்கும். அது கண்ணில் படாமல் தப்பினால், உள்ளே தங்கிய கிருமிகள் வேர்நுனியில் மறுபடியும் சீழ்பிடிக்கச் செய்யும்.

சாதாரண எக்ஸ்ரே படத்தில் குழல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுவதால் அது புலப்படாமற் போகலாம். முப்பரிமாண ஸ்கேனும் நுண்ணோக்கியும் இன்று அதைக் காட்டித் தருகின்றன. அக்குழலையும் திறந்து, கழுவி, அடைத்தால் பல் பெரும்பாலும் பிழைக்கும். வேர் நெடுக விரிசல் கண்டிருந்தால் மட்டும் எடுப்பதே பெரும்பாலும் வழி.

சிகிச்சை முடிந்ததும் 'கேப்' எனும் உறையைப் போட்டுக்கொள்ள மறவாதீர்கள். உறையற்ற கடைவாய்ப்பல் எளிதில் பிளக்கும்.