டின் வீட்டுக்குப் பொது, தடை ஒருவருக்கு மட்டும்

கண்டியில் ரக்பி பெரும்பாலும் குடும்ப விளையாட்டு. அண்ணன் ஆடிய பாடசாலை அணிக்கே தம்பியும் வருவான். அண்ணனின் பழைய பூட்ஸ் தம்பியின் காலுக்கு வரும். நித்தவலை மைதானத்தில் ஆட்டம் பார்த்து வளர்ந்த எனக்கு இது பழகிய காட்சி. இப்போது பூட்ஸோடு சேர்ந்து இன்னொன்றும் கைமாறுகிறது: சப்ளிமென்ட் டின்.

2022 பொருளாதார நெருக்கடியில் ரூபாய் சரிந்த பிறகு இறக்குமதிப் பொருட்களின் விலை எங்கே போனது என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆளுக்கொரு டின் வாங்க எத்தனை குடும்பங்களால் முடியும்? ஒரே டின்னை இரண்டு பேர் பங்கிடுகிறார்கள். யாரோ வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததையும், லேபிள் இல்லாத டப்பாவில் பிரித்துக் கொடுத்ததையும் நம்பி வாங்குகிறார்கள். அண்ணன் குடித்து ஒன்றும் ஆகவில்லை என்பதே தம்பிக்குப் போதுமான உத்தரவாதம்.

ஊக்கமருந்து விதிகள் இந்த உத்தரவாதத்தை ஏற்பதில்லை. ஒரு வீரரின் உடலில் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தால் அதற்கு அவரே பொறுப்பு. யார் கொடுத்தது, தெரிந்து குடித்தாரா தெரியாமல் குடித்தாரா என்பதெல்லாம் தண்டனையின் அளவைக் குறைக்க உதவலாம், குற்றத்தை இல்லாமலாக்காது.

உலகப் புகழ்பெற்ற சகோதரர்களுக்கும் இதே கதிதான். மான்செஸ்டர் சிட்டியில் தம்பி யாயா துரேயுடன் ஆடிய கோலோ துரே 2011இல் சோதனையில் சிக்கினார். எடையைக் குறைக்க மனைவியின் மாத்திரைகளை எடுத்துக்கொண்டதாக அவர் சொன்னார். 6 மாதத் தடை கிடைத்தது. இந்திய கிரிக்கெட்டின் பதான் சகோதரர்களில் மூத்தவரான யூசுப், 2017இல் டெர்பியூட்டலின் என்ற பொருளால் மாட்டினார். இருமல் மருந்தில் இருந்து தவறுதலாக உடலில் சேர்ந்தது என்ற விளக்கத்தை இந்திய கிரிக்கெட் வாரியம் ஏற்றுக்கொண்டது. ஆனாலும் 5 மாதம் தடை விதித்தது. ஒருவர் வீட்டிலிருந்த மாத்திரையால், மற்றவர் சாதாரண இருமல் மருந்தால் சிக்கினார்கள். தடை இருவரின் தம்பிகளையும் தொடவில்லை.

நமக்கும் இது புதிதல்ல. கண்டியில் பிறந்த குத்துச்சண்டை வீரர் மஞ்சு வன்னியாரச்சி 2010 டில்லி பொதுநலவாய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்றார். பொதுநலவாயக் குத்துச்சண்டையில் 1938க்குப் பிறகு இலங்கைக்குக் கிடைத்த முதல் தங்கம் அது. நண்ட்ரோலோன் என்ற ஸ்டெரொய்ட் கண்டறியப்பட்டதால் பதக்கம் பறிக்கப்பட்டு, இறுதிப் போட்டியில் அவரிடம் தோற்ற வேல்ஸ் வீரர் ஷோன் மெக்கோல்ட்ரிக்கிடம் போனது. அடுத்த ஆண்டு கிரிக்கெட் வீரர் உபுல் தரங்க, தோள் காயத்துக்கு எடுத்த மூலிகை மருந்து காரணமாக 3 மாதத் தடை பெற்றார். அதே 2011இல் தேசிய ரக்பி வீரர்கள் மூவரிடம் மெத்தில்ஹெக்சனமீன் கண்டறியப்பட்டது.

இந்த மெத்தில்ஹெக்சனமீனின் கதையைச் சப்ளிமென்ட் வாங்கும் எவரும் தெரிந்துகொள்ள வேண்டும். 1940களில் மூக்கடைப்புக்கான மருந்தாக வந்த இது, பின்னாளில் பயிற்சிக்கு முன் குடிக்கும் பவுடர்களில் நுழைந்தது. சில லேபிள்களில் 'ஜெரேனியம் சாறு' என்று செடியின் பெயரில் ஒளிந்திருந்தது. லேபிளை வாசித்தும் ஏமாறலாம். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் நிதியுதவியுடன் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 2000–2001 காலத்தில் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. 94இல், அதாவது ஏறத்தாழ ஏழில் ஒன்றில், லேபிளில் சொல்லப்படாத ஹோர்மோன் சார்ந்த பொருட்கள் இருந்தன. ஒரு தொகுதி சுத்தமாக இருந்து, அடுத்தது கலப்படமாகவும் இருக்கலாம். எனவே அண்ணன் போன மாதம் குடித்த டின், தம்பி இன்று திறக்கும் டின்னுக்குச் சாட்சி சொல்லாது.

சகோதரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தடைசெய்யப்பட்டது என்று தெரிந்தே இன்னொரு வீரருக்குக் கொடுத்தது நிரூபணமானால், கொடுத்தவருக்குக் குறைந்தது 4 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தடை. அண்ணன் பயிற்றுநராக இருந்து தடையில் சிக்கினால், அவரிடம் தம்பி பயிற்சியோ போசாக்கு ஆலோசனையோ பெறுவதும் விதிமீறலாகலாம். வீட்டு உறவை விதி தடுப்பதில்லை. விளையாட்டு உறவைத் தடுக்கிறது. ஆனால் அண்ணனே பயிற்றுநராக இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

இலங்கையில் 2013ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. ஊக்கமருந்துத் தடுப்பு முகவர் நிலையமும் இருக்கிறது. உலக அங்கீகாரம் பெற்ற ஆய்வகம் இங்கே இல்லாததால் மாதிரிகள் வெளிநாடு போகின்றன. சோதனை என்பது எப்போதும் பொருள் உடலுக்குள் போன பிறகு நடப்பது. அதற்கு முந்திய இடங்களான ஜிம், கடை, வீட்டுச் சமையலறை ஆகியவற்றில்தான் வேலை தேவை. வீரருக்கு மட்டும் வகுப்பெடுத்துப் பயனில்லை. டின் வாங்கப் பணம் கொடுக்கும் அப்பாவும், பாலில் கலந்து கொடுக்கும் அம்மாவும், சிபாரிசு செய்யும் அண்ணனும் அந்த வகுப்பில் இருக்க வேண்டும். சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடப்பது தமிழிலும் நடக்க வேண்டும்.

சப்ளிமென்ட் எல்லாமே நஞ்சு என்று நான் சொல்லவில்லை. வே புரோட்டீன், கிரியேட்டின், கஃபீன் ஆகியவை தடைப்பட்டியலில் இல்லை. ஆனால் ஒரு கரண்டி பவுடரில் இருக்கும் சுமார் 24 கிராம் புரதம் நான்கு முட்டைகளிலும் கிடைக்கும். அதற்குப் பிறகும் வாங்கத்தான் வேண்டுமென்றால், தொகுதி வாரியாகச் சோதித்து 'இன்ஃபோர்ம்ட் ஸ்போர்ட்' முத்திரை இடப்பட்டதை, மூடி உடையாமல் வாங்குங்கள். தொகுதி இலக்கத்தைப் படம் பிடித்து வையுங்கள். டின்னில் கொஞ்சம் மிச்சம் வையுங்கள். விசாரணை வந்தால், கலப்படம் எங்கிருந்து வந்தது என்று காட்ட வீரரிடம் இருக்கப்போகும் ஆதாரம் அதுதான்.