ஆங்கிலம் பயில்வோம்: போனவர் திரும்பினாரா?

 

பல ஆண்டுகளுக்கு முன்பு, பட்டம் பெற்ற பெருமிதம் எனக்கு இன்னும் தணியாதிருந்த காலம். எங்கள் தெருவைச் சேர்ந்த தாயார் ஒருவர் என்னை நாடி வந்தார். மகனைக் கல்லூரியில் சேர்ப்பதற்கான விண்ணப்பத்தில் தகப்பனார் கையொப்பமிட வேண்டும். அவரோ துபாயில் இருந்தார். "அவருக்குப் பதிலாக நான் கையெழுத்துப் போடுகிறேன் என்று இங்கிலீஷிலே ஒரு கடிதம் எழுதிக் கொடுங்கள், தம்பி" என்றார். நானும் தயக்கமின்றி எழுதினேன். ‘மை ஹஸ்பண்ட் ஹேஸ் பீன் டு துபாய்’ என்பது அதன் முதல் வரி.

மறுநாள் அவர் வாடிய முகத்துடன் வந்தார். "துபாய் போய்விட்டு வந்தவர்தானே, நேரிலே வந்து கையெழுத்துப் போடட்டும் என்கிறார்களே, தம்பி!" என்றார். கடைசித் தேதிக்கு இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. அலுவலகத்தார் மீது சினம் கொண்டேன். பிறகு இலக்கண நூலைப் புரட்டிப் பார்த்தபோது, பிழை என்னுடையதே என்பது விளங்கிற்று. ‘ஹேஸ் கான்’ என்று எழுதியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல்லைத் திருத்திக் கொடுத்தேன், விண்ணப்பம் ஏற்கப்பட்டது. எனினும், அந்தத் தாயார் வீணாக நடந்த நடை இன்றும் என் நெஞ்சில் உறுத்துகிறது. ஆகவே, இந்த மாதம் ‘கோ’ என்னும் வினையை எடுத்துக்கொள்வோம்.

‘கோ’ என்றால் போ. இதன் மூன்று முதன்மை வடிவங்கள்: கோ, வென்ட், கான். ‘வாக்’ என்பது ‘வாக்ட்’ ஆவதைப் போல இது ‘கோட்’ என்று ஆவதில்லை. நிகழ்காலத்தில் ஐ, வி, யூ, தே ஆகியவற்றோடு ‘கோ’ வரும். ஹி, ஷி, இட் ஆகியவற்றோடு ‘கோஸ்’ வரும். இறந்தகாலத்தில் அந்த வேறுபாடும் இல்லை. அனைவருக்கும் ‘வென்ட்’ ஒன்றே. அரபியில் ‘தஹப’ என்னும் இறந்தகால வினைக்கு 14 வடிவங்களை மனனம் செய்யும் நம் மாணவர்களுக்கு இது ஒரு சுமையே அன்று.

‘கோ’ எங்கே, ‘வென்ட்’ எங்கே? இரண்டிற்கும் ஓரெழுத்துப் பொருத்தமும் இல்லையே என்று கேட்பீர்கள். உண்மையில் ‘வென்ட்’ இரவல் சொல்லாகும். ‘வெண்ட்’ என்று மற்றொரு வினை ஆங்கிலத்தில் இருந்தது. திரும்பு, செல் என்பன அதன் பொருள்கள். ‘செண்ட்’ என்பது ‘சென்ட்’ ஆவது போலவும், ‘லெண்ட்’ என்பது ‘லென்ட்’ ஆவது போலவும் அதன் இறந்தகாலம் ‘வென்ட்’ ஆயிற்று. ‘கோ’வுக்குப் பழைய ஆங்கிலத்தில் வேறோர் இறந்தகால வடிவம் இருந்தது. நாளடைவில் அது வழக்கொழிய, ‘வென்ட்’ அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது.

இனி, நம்மவர் வழுக்கும் இடங்களைக் காண்போம்.

முதலாவது: ‘ஐ டிட் நாட் வென்ட்’ என்பது தவறு. ‘டிட்’ என்ற சொல்லே இறந்தகாலத்தைச் சுமந்து நிற்கிறது. எனவே, ‘ஐ டிட் நாட் கோ’ என்பதே சரி. கேள்வியும் அவ்வாறே: ‘டிட் யூ கோ?’

இரண்டாவது: தமிழில் ‘போகிறேன்’ என்பது நாள்தோறும் போவதையும் குறிக்கும், இப்பொழுது போய்க்கொண்டிருப்பதையும் குறிக்கும். ஆங்கிலம் இவற்றைப் பிரித்துக் காட்டும். நாள்தோறும் என்றால் ‘ஐ கோ டு ஸ்கூல் எவ்ரி டே’. இப்பொழுது வழியில் இருக்கிறேன் என்றால் ‘ஐ ஆம் கோயிங் டு ஸ்கூல்’.

மூன்றாவது: நேற்று, சென்ற ஆண்டு என்று முடிந்துபோன காலத்தைச் சுட்டினால் ‘வென்ட்’ மட்டுமே வரும். ‘ஹி ஹேஸ் கான் எஸ்டர்டே’ என்பது பிழை. ‘ஹி வென்ட் எஸ்டர்டே’ என்க.

நான்காவது: ‘கோ டு ஹோம்’ என்னலாகாது, ‘கோ ஹோம்’ என்பதே வழக்கு. வெளிநாட்டுக்குப் போவதும் ‘கோ அப்ராட்’தான், இடையே ‘டு’ வராது.

இப்பொழுது என் பழைய பிழைக்கு வருவோம். ‘ஹேஸ் கான்’ என்றால் போயிருக்கிறார், இன்னும் திரும்பவில்லை. ‘ஹேஸ் பீன்’ என்றால் போய்வந்திருக்கிறார், பயணம் முடிந்துவிட்டது. ‘பீன்’ என்பதும் ‘கோ’வின் வடிவமன்று, இருத்தலைக் குறிக்கும் ‘பீ’ என்னும் வினையிலிருந்து வந்தது. அங்கே இருந்துவிட்டு மீண்டார் என்பது கருத்து.

நமக்கு இது எளிதில் விளங்க வேண்டும். வீட்டை விட்டுக் கிளம்பும்போது நாம் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே சொல்கிறோம். அந்த ‘வருகிறேன்’ நிறைவேறிய பிறகு எழுத வேண்டியதே ‘ஹேஸ் பீன்’. அதுவரை ‘ஹேஸ் கான்’தான். தமிழில் ‘அவர் போய்விட்டார்’ என்பது இறப்பையும் குறிப்பதுபோல, ஆங்கிலத்தில் ‘ஹி இஸ் கான்’ என்பதும் இடத்திற்கேற்ப அப்பொருள் தரும். வெளிநாட்டில் இருப்பவரைப் பற்றி எழுதும்போது இதில் கவனம் தேவை.

பயிற்சி: விடைகளை மறைத்துக்கொண்டு, பிள்ளைகளை ஆங்கிலத்தில் சொல்லச் செய்யுங்கள்.

1. அவள் நேற்றுச் சந்தைக்குப் போனாள்.
2. நான் பள்ளிக்குப் போகவில்லை.
3. என் அண்ணன் இருமுறை சென்னைக்குப் போய்வந்திருக்கிறார்.
4. நாங்கள் நிலையத்தை அடையுமுன் ரயில் போய்விட்டிருந்தது.

விடைகள்:
1. ஷி வென்ட் டு தி மார்க்கெட் எஸ்டர்டே.
2. ஐ டிட் நாட் கோ டு ஸ்கூல்.
3. மை பிரதர் ஹேஸ் பீன் டு சென்னை ட்வைஸ்.
4. தி ட்ரெய்ன் ஹேட் கான் பிஃபோர் வி ரீச்ட் தி ஸ்டேஷன்.

பிறருக்காகக் கடிதம் எழுதிக் கொடுக்கும் படித்த பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. எழுதி முடித்ததும் ஒருமுறை படித்துப் பாருங்கள். ஐயம் எழுந்தால் அறிந்தவரிடம் கேளுங்கள். பிழை நம்முடையது, அலைச்சலோ நம்மை நம்பி வந்தவருடையது.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் ‘கம்’ என்னும் வினையோடு சந்திப்போம். போய் வருகிறேன்!