ராத்தாவின் மோதிரம்

ராத்தாவின் கல்யாணத்துக்கு வைர மோதிரத்தை ஒன்லைனில் எடுப்பதா, திருகோணமலைக் கடையில் எடுப்பதா என்று எங்கள் வீட்டில் ஒரு மாதமாகப் பேச்சு. போனில் விலை குறைவுதான். வெருகலிலிருந்து கடைக்குப் போய்வந்தால் ஒரு நாள் கழிந்துவிடும். (உம்மாவுக்கு அந்தப் பயணமும் வேண்டும்!) நான் கடையின் பக்கம்.

ஒரு கரட் வைரம் வெறும் 200 மில்லிகிராம். வெப்பத்தை வைத்துச் சோதிக்கும் சாதாரணக் கருவியில் மொய்சனைட் கல்லும் வைரமென்றே காட்டும். ஜீ.ஐ.ஏ. அறிக்கை இருந்தால் அதன் எண்ணை இணையத்தில் சரிபார்க்கலாம். ஒன்லைனில் எடுப்போருக்கு அதுவே துணை. ஆனால் கல் கழன்றால் அறிக்கையா வந்து பதித்துத் தரும்?

கடையென்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. தங்கத்தின் நிறையையும் கல்லின் நிறையையும் பற்றுச்சீட்டில் வேறுவேறாக எழுதித் தரச் சொல்ல வேண்டும். உம்மாவின் கல் தோட்டை அடகு வைத்தபோது கல்லைக் கழித்துத் தங்கத்துக்கு மட்டுமே காசு தந்தார்கள். வாங்கிய அன்று கல்லையும் தங்கத்தோடு சேர்த்து நிறுத்துத்தான் எங்களிடம் காசு எடுத்திருந்தார்கள்.