பாதி சுத்தம்... கொசுவுக்குப் பந்தி!

"தினமும் காலையில டீ வடிகட்டியை வெச்சு அந்தப் புழுவையெல்லாம் அள்ளிக் கொட்டிட்டுத்தானே இருந்தேன் டீச்சர்! பாதிக்கு மேல எடுத்திருப்பேன். அப்புறமும் என் பேரனுக்கு ஏன் டெங்கு வந்துது?"

ஆஸ்பத்திரி வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்து வீட்டு அக்கா இப்படிக் கேட்டார்கள். ஐந்து நாள் காய்ச்சல், குறைந்துபோன தட்டணுக்கள், கையில் டிரிப்ஸ் என்று உள்ளே படுத்திருந்தான் பேரன். நல்லவேளை, தேறி வீட்டுக்கு வந்துவிட்டான். ஆனால் அக்காவின் கேள்வி என்னை விடவில்லை. முப்பது வருஷம் விலங்கியல் பாடம் நடத்தியவள் நான். பதில் எனக்குத் தெரியும். அன்றைக்கு அதைச் சொல்ல மனசு வரவில்லை. இப்போது சொல்கிறேன்... உங்கள் எல்லோருக்குமாக!

பூச்சிகளைப் பொறுத்தவரை, பிறப்பை விட வளர்ப்புதான் பெரிது. தேன்கூட்டைப் பாருங்கள். ராணித் தேனீயும் வேலைக்காரத் தேனீயும் ஒரே மாதிரி முட்டையிலிருந்து வருபவைதான். புழுப் பருவம் முழுக்க 'ராயல் ஜெல்லி' ஊட்டி வளர்க்கப்படுவது, 16 நாளில் ராணியாகி ஆயிரக்கணக்கில் முட்டை போடுகிறது. மூன்று நாளுக்குப் பிறகு தேனும் மகரந்தமும் கலந்த சாதாரணச் சாப்பாட்டுக்கு மாற்றப்படுவது, 21 நாளில் வேலைக்காரியாக வெளியே வருகிறது. எல்லாம் சாப்பாடு செய்கிற வேலை!

நெரிசலும் அப்படித்தான். பாலைவன வெட்டுக்கிளி தனியாக இருந்தால் சாது. ஒன்றோடொன்று உரசுகிற அளவுக்குக் கூட்டம் சேர்ந்துவிட்டால் நிறம் மாறி, குணம் மாறி, படையாகக் கிளம்பிவிடும். 2020-ல் ராஜஸ்தான் வயல்களைப் பதம் பார்த்தது இந்தப் படைதான்.

சரி... நம் வீட்டு டிரம்முக்கு வருவோம். டெங்குவைப் பரப்புகிற ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நாம் பிடித்து வைத்திருக்கும் நல்ல தண்ணீரே போதும். தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, ஈரமான சுவரில் முட்டைகளை ஒட்டிவைக்கும். அதிலிருந்து வரும் புழுக்களுக்குச் சாப்பாடு, தண்ணீரில் இருக்கிற கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும், மக்கிப்போன இலை, தூசிகளும்தான்.

ஐம்பது பேருக்குச் சமைத்த பந்தியில் இருநூறு பேர் உட்கார்ந்தால் என்ன ஆகும்? யாருக்கும் வயிறு நிறையாது. புழுக்கள் நிறைய இருக்கும் தொட்டியிலும் அதேதான். பல புழுக்கள் பாதியிலேயே செத்துப்போகும். மிச்சம் இருப்பவை வளர்வதற்கு நாள் பிடிக்கும். கடைசியில் கொசுவாக வருபவையும் சிறுத்துப்போய், குறைவாக முட்டை போடும்.

இப்போது அக்காவின் டீ வடிகட்டியை யோசித்துப் பாருங்கள். பாதிப் பேரைப் பந்தியிலிருந்து எழுப்பியாகிவிட்டது. மீதிப் பேருக்கு? தாராளமான சாப்பாடு, தாராளமான இடம்! பட்டினியில் செத்திருக்க வேண்டிய புழுக்கள்கூடப் பிழைத்துக்கொள்ளும். சீக்கிரம் வளரும். உடம்பு பெருத்த கொசுவாகும். பெரிய பெண் கொசு ஒரு தடவைக்கு நூறு முட்டை வரை போடும். நெரிசலான தண்ணீரில் பாதிப் புழுக்களை அழித்தால் கொசு குறையாமலே போகலாம், சமயத்தில் கூடவும் கூடலாம் என்று பூச்சி ஆய்வாளர்கள் 1980-களிலேயே பரிசோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

பேரனைக் கடித்த கொசு அக்கா வீட்டு டிரம்மில்தான் பிறந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. பக்கத்து மொட்டை மாடியிலிருந்தும் வந்திருக்கலாம். ஆனால் அவர்கள் பட்ட சிரமத்துக்குப் பலன் இல்லாமல் போனதற்குக் காரணம் இதுதான்.

'அப்படின்னா புழுவைத் தொடாமலே விட்டுடலாமா? எல்லாம் நோஞ்சான் கொசுவாத்தானே வரும்?' என்று ஒரு சிலர் கேட்கலாம். வேண்டவே வேண்டாம்! நோஞ்சான் கொசுவும் கடிக்கும். உடம்பில் சேமிப்பு இல்லாததால், முதல் முட்டைகளைப் போடுவதற்கே அதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட தடவை ரத்தம் தேவைப்படுவது உண்டு. நாலு பேரைக் கடித்தால் நாலு பேருக்கும் ஆபத்துதானே!

ஆக, அரைகுறை வேலை உதவாது. முழுசாகச் செய்ய வேண்டும். நம் வெயிலுக்கு முட்டை கொசுவாக மாற ஏழு முதல் பத்து நாள் போதும். அதனால் வாரம் ஒரு நாள் டிரம், குடம், தொட்டி எல்லாவற்றையும் கடைசிச் சொட்டு வரை கவிழ்த்துவிடுங்கள். புழு இருக்கும் தண்ணீரைக் காய்ந்த மண்ணில் கொட்டுங்கள். உள்சுவரைத் தேங்காய் நாரால் அழுத்தித் தேய்ப்பது முக்கியம். ஒட்டியிருக்கும் முட்டைகள் தண்ணீர் இல்லாமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் ஊற்றியதும் பொரிந்துவிடும்! பிறகு வாயைத் துணியால் இறுக்கிக் கட்டுங்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, மணிபிளான்ட் பாட்டில், கொட்டாங்குச்சி, பழைய டயர், கொல்லையில் கிடக்கும் ஆட்டுக்கல்... ஒன்றையும் விடாதீர்கள். கவிழ்க்க முடியாத பெரிய தொட்டிக்கு, வீடு தேடி வரும் பணியாளர்களிடம் மருந்து ஊற்றச் சொல்லுங்கள். 'அப்புறம் வாங்க' என்று வாசலிலேயே திருப்பி அனுப்பாதீர்கள்.

அதே சமயம், எல்லாப் பழியையும் வீட்டுப் பெண்கள் தலையில் போடுவதை என்னால் ஏற்க முடியாது. நாலு நாளைக்கு ஒரு தடவை தண்ணீர் விட்டால் டிரம்மில் பிடித்து வைக்காமல் என்ன செய்வார்கள்? பிடித்த தண்ணீரைக் கீழே கொட்ட யாருக்கு மனசு வரும்? அக்கா வடிகட்டியை எடுத்ததே அதனால்தான். தமிழ்நாட்டில் 2012-ல் 12 ஆயிரம் பேருக்கு மேலும், 2017-ல் 23 ஆயிரம் பேருக்கு மேலும் டெங்கு பாதித்தது. அந்த இரண்டு வருஷங்களிலும் அறுபது பேருக்கு மேல் இறந்துபோனார்கள். காய்ச்சல் பரவிய பிறகு தெருவில் புகை அடிப்பது கண்ணுக்குத் தெரிகிற வேலை. ஆனால் அது பறக்கும் கொசுவைத்தான் கொல்லும். டிரம்முக்குள் இருக்கும் புழு சௌக்கியமாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும். ஒழுங்காகக் குழாயில் தண்ணீர் விடுவதும் டெங்கு ஒழிப்பு வேலைதான் என்பதை ஆட்சியில் இருப்பவர்கள் உணர வேண்டும்.

அக்காவிடம் இதையெல்லாம் போன மாதம்தான் உட்கார்ந்து சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இவ்ளோ நாளா அதுங்களுக்கு நானே பந்தி பரிமாறியிருக்கேன் பாருங்க" என்றார்கள்.

இப்போது தண்ணீர் வரும் அன்றைக்குக் காலையில் அவர்கள் வீட்டில் டிரம்மைத் தேய்க்கும் சத்தம் கேட்கிறது. கூடவே பேரனும் நிற்கிறான், கையில் தேங்காய் நாரோடு. வடிகட்டி, டீக்கு மட்டும்தான்!