எம்.எல்.ஏ.வுக்கும் ஒரு மொய் நோட்டு

"இவரு நமக்கு என்னய்யா செஞ்சாரு?" தேர்தல் வந்துவிட்டால் நம் வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் இந்தக் கேள்வி வராமல் இருக்காது. பதிலும் எப்போதும் ஒரே மாதிரிதான். பஸ் ஸ்டாப்புக்குக் கொட்டகை போட்டார், நாடக மேடை கட்டினார், உயரமான கம்பத்தில் விளக்குப் போட்டார், நம்ம வீட்டுக் காதுகுத்துக்கு வந்து மொய் வைத்தார். இதில் ஒன்றும் செய்யாதவர் என்றால் "ஊர்ப் பக்கமே தலைகாட்டாத ஆளு". அத்தோடு கணக்கு முடிந்தது.

இந்தக் கணக்கே தப்பு என்பதுதான் என் கட்சி. வேறு கட்சி எனக்குக் கிடையாது.

முதலில் காசைப் பார்ப்போம். ஊரக வளர்ச்சித் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் குப்பை கொட்டியவன் என்பதால் கொஞ்சம் சொல்லலாம். தொகுதி மேம்பாட்டு நிதி என்று ஓர் எம்.எல்.ஏ.வுக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அவர் பரிந்துரைப்பார், கலெக்டர் அனுமதிப்பார், ஒன்றியம் வேலையைச் செய்யும், கடைசியில் கல்வெட்டில் அவர் பெயர் வரும். பணம் யாருடையது? நீங்களும் நானும் கட்டிய வரி. நம் வீட்டு விசேஷத்தில் மொய் வைத்தவர் பெயரைத்தான் நோட்டில் எழுதுவோம். இங்கே வைத்தது நாம், எழுதப்படுவது அவர் பெயர்.

234 எம்.எல்.ஏ.க்களுக்கும் சேர்த்தால் 702 கோடி. தமிழ்நாட்டு பட்ஜெட்டோ மூன்று லட்சம் கோடிக்கு மேல். நூறு ரூபாயில் கால் ரூபாய்கூட இல்லை. மீதி 99 ரூபாய் 75 காசு எங்கே போக வேண்டும் என்று மானியக் கோரிக்கையில் கை தூக்குகிறவரும் இதே எம்.எல்.ஏ.தான். அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கால் ரூபாய்க்குத்தான் மாலை போடுகிறோம், அதற்குத்தான் வைகிறோம்.

நான் வேலை பார்த்த ஓர் ஒன்றியத்தில் (ஊர் பேர் வேண்டாம்) பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கேட்டு ஒரு தலைமை ஆசிரியை இரண்டு வருடம் மனுவோடு நடந்தார். அந்த ஊருக்கு வந்ததென்னவோ நுழைவு வளைவு. வளைவுக்குப் பட்டாசு வெடித்ததும் அதே ஊர்க்காரர்கள்தான்.

எம்.பி.க்கு ஆண்டுக்கு 5 கோடி. கொரோனா வந்ததும் 2020 ஏப்ரலில் அந்த நிதியை நிறுத்தினார்கள், 2021 நவம்பரில்தான் திரும்பக் கொடுத்தார்கள். அதுவரை எம்.பி.க்களுக்கு வேலை இல்லாமல் போயிற்றா? 2020 செப்டம்பரில்தான் மூன்று வேளாண் சட்டங்கள் நாடாளுமன்றத்தில் நிறைவேறின. டில்லி எல்லையில் விவசாயிகள் ஒரு வருடம் உட்கார்ந்த பிறகு 2021 நவம்பரில் அவற்றை ரத்து செய்ததும் அதே நாடாளுமன்றம்தான். கையில் நிதியே இல்லாத நாளில் அவர்கள் தூக்கிய கைதான் நாட்டு விவசாயியைத் தெருவில் உட்கார வைத்தது.

நம் வாசலுக்கே வருகிறேன். நூறு நாள் வேலை யார் நிதியில் வந்தது? 2005-ல் நாடாளுமன்றம் செய்த சட்டத்தால் வந்தது. எந்தக் கல்வெட்டிலும் பெயர் இல்லை. ஆனால் நம் பக்கத்துப் பெண்கள் எத்தனை பேர் முதன்முதலாகத் தன் பெயரில் பாஸ்புக் வைத்துக்கொண்டது அதனால்தான்.

ஜல்லிக்கட்டு? 2014 மே 7-ல் உச்ச நீதிமன்றம் தடை போட்டது. வாடிவாசல் இல்லாத பொங்கல் நம் மாவட்டத்துக்கு எழவு வீடு மாதிரி இருந்தது, என் வயதுக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். பிள்ளைகள் மெரினாவில் உட்கார்ந்தார்கள். 2017 ஜனவரி 23 அன்று சட்டமன்றம் கூடி ஒரே நாளில் திருத்தச் சட்டம் நிறைவேற்றியது. 2023 மே மாதம் உச்ச நீதிமன்றமும் அது செல்லும் என்றது. நம் காளை இன்று அவிழ்கிறது என்றால் அந்தச் சட்டத்தால்தான்.

நெடுவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் ஹைட்ரோகார்பன் திட்டத்துக்கு மத்திய அரசு அனுமதி கொடுத்தது. ஆண், பெண், பிள்ளைகள் என்று ஊரே பந்தலில் உட்கார்ந்தது. 2020 பிப்ரவரியில் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் வந்தபோது நம் மாவட்டத்தில் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, கறம்பக்குடியோடு நம் திருவரங்குளம் ஒன்றியமும் அதில் சேர்ந்தது. ஏற்கெனவே நடக்கிற வேலைகளை அந்தச் சட்டம் தொடாது என்ற ஓட்டை இருக்கத்தான் செய்கிறது. அந்த ஓட்டையை அடைக்க வேண்டிய இடமும் சட்டமன்றம்தான். ஓட்டுக் கேட்டு வந்தவர்களிடம் இதைக் கேட்டோமா? சமுதாயக்கூடத்துக்கு டைல்ஸ் எப்போது என்று கேட்டோம்.

இதே புதுக்கோட்டையில் 1886-ல் பிறந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. பிரிட்டிஷ் இந்தியாவில் சட்டமன்றத்துக்குள் நுழைந்த முதல் பெண். சென்னை சட்டசபையில் தேவதாசி முறையை ஒழிக்கப் போராடினார். குழந்தைத் திருமணத்தை எதிர்த்தார். எத்தனையோ தலைமுறைப் பெண்களின் தலையெழுத்தை மாற்றினார். அவருக்குத் தொகுதி நிதி என்று ஒரு தம்பிடி கிடையாது.

அப்படிப்பட்ட மண்ணுக்கு இன்று டில்லியில் தனிக்குரல் இல்லை. 1952 தேர்தலிலிருந்து இருந்த புதுக்கோட்டை நாடாளுமன்றத் தொகுதி மறுவரையறையில் போய்விட்டது. தோழர் உமாநாத் இரண்டு முறை ஜெயித்த தொகுதி. 2004-ல் ஜெயித்த ரகுபதிதான் கடைசி எம்.பி. 2009 முதல் கந்தர்வகோட்டையும் புதுக்கோட்டையும் திருச்சிக்கு, விராலிமலை கரூருக்கு, திருமயமும் ஆலங்குடியும் சிவகங்கைக்கு, அறந்தாங்கி ராமநாதபுரத்துக்கு. பாகப்பிரிவினையில் பாத்திரம் பிரித்த மாதிரி ஆறு சட்டமன்றத் தொகுதியை நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள்.

காசுக் கணக்கில் பார்த்தால் நமக்கு நட்டமே இல்லை. அன்றும் ஆறு தொகுதிக்கு ஒரு நிதி, இன்றும் ஆறு தொகுதிக்கு ஒரு நிதி. அதனால்தானோ என்னவோ, 2009-ல் 49-ஓ படிவம் கேட்டு நின்ற கோபம் அடுத்தடுத்த தேர்தலில் ஆறிப்போனது. போனது காசு அல்ல. புதுக்கோட்டை என்று சொல்லி எழுந்து நிற்கக் கடமைப்பட்ட ஒரு ஆள் போய்விட்டார். 16 லட்சம் பேர் வாழ்கிற மாவட்டத்தில் நான்கு எம்.பி.க்களுக்கும் நாம் கடைக்குட்டிப் பிள்ளை.

காவிரி – வைகை – குண்டாறு இணைப்புக்கு 2021 பிப்ரவரியில் நம் மாவட்டத்துக் குன்னத்தூரில்தான் அடிக்கல் நாட்டினார்கள். 262 கிலோமீட்டர், 14,400 கோடி ரூபாய். கால்வாய் நம் தெற்கு வெள்ளாற்றைத் தொடுவது எப்போது என்று நான்கு பேரும் சேர்ந்து ஒருநாள் அவையில் எழுந்து கேட்டால் எப்படி இருக்கும்! நம் பக்கத்து வம்பனில் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வம்பன் உளுந்து எங்கெங்கோ விளைகிறது. அதை வைத்து இங்கே ஓர் ஆலை, நாலு பிள்ளைகளுக்கு வேலை என்று யார் கேட்டார்கள்? பிள்ளைகள் திருப்பூருக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் மூட்டை கட்டுகிறார்கள். அவர்கள் நிற்கிற பஸ் ஸ்டாப் கொட்டகையில் மட்டும் பெயர் பளபளவென்று இருக்கிறது.

"அப்ப வெயில்ல நிக்கச் சொல்றீங்களா மாமா?" என்று தம்பிகள் கேட்பார்கள். இல்லையப்பா, கொட்டகை வேண்டும், கட்டாயம் வேண்டும். அதைக் கட்டுவது ஊராட்சியின் வேலை. நம் ஊராட்சிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரியில் முடிந்தது. தேர்தல் வைக்காமல் தனி அலுவலர் கையில் கொடுத்தார்கள், அதற்கான சட்டத்திருத்தமும் சட்டமன்றத்தில்தான் நிறைவேறியது. 2016-க்குப் பிறகு மூன்று வருடமும் இதே கதைதான். ஊராட்சித் தலைவரை இல்லாமல் செய்துவிட்டு, ஊராட்சி வேலையைத் தான் செய்ததாக எம்.எல்.ஏ. கல்வெட்டு வைப்பது என்ன நியாயம்? அந்த 3 கோடியை அப்படியே ஊராட்சிகளுக்குக் கொடுத்துவிட்டு, சட்டமன்றத்துக்குப் போன வேலையை அவர் பார்க்கட்டும் என்பேன்.

ஆடி, ஆவணி மொய் விருந்துக்குப் பேர்போனது நம் சீமை. எவன் எந்த வருடம் எவ்வளவு வைத்தான் என்பதை முப்பது வருடத்துப் பழைய நோட்டைப் புரட்டி ஒரு ரூபாய் பிசகாமல் சொல்கிற ஆட்கள் நாம். ஐந்து வருடம் நமக்காகப் பேச அனுப்பிய ஆளுக்கு மட்டும் நோட்டு போடுவதில்லை.

ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். இந்தக் கூட்டத்தொடரில் நம் தொகுதி பற்றி எத்தனை கேள்வி கேட்டார்? எந்தச் சட்டத்துக்குக் கை தூக்கினார்? உள்ளாட்சித் தேர்தல் தள்ளிப்போனபோது வாயைத் திறந்தாரா? 2022 ஜனவரியிலிருந்து கேள்வி நேரம் நேரலையாகவே வருகிறது. பென்ஷன் வாங்கிக்கொண்டு திண்ணையில் இருக்கிற நமக்கு இதைவிட வேறென்ன வேலை? தொகுதி மறுவரையறைப் பேச்சு மறுபடியும் எழுந்திருக்கிறது. புதுக்கோட்டைக்குத் தொகுதியைத் திருப்பிக் கேட்கிறாரா என்பதற்கு முதல் பக்கத்தையே ஒதுக்கி வையுங்கள். அடுத்த முறை கல்யாண வீட்டில் கும்பிடு போட்டுக்கொண்டு வரும்போது, பந்திக்கு உட்காருவதற்கு முன் அந்தப் பக்கத்தை அவர் கையில் கொடுங்கள்.