மாரடைப்பு பணக்காரர் வியாதியா?

நெய்யும் கறியும் தின்று தொந்தி வளர்த்தவருக்கே மாரடைப்பு வரும், உழைக்கிறவனை அது அண்டாது என்று சொல்வோர் இன்னும் நம்மிடையே உண்டு. இது உயிரைக் குடிக்கும் பொய்.

இங்கிலாந்து சர்க்காரின் ஆண் ஊழியர்களிடையே 1967-ல் தொடங்கிய ஆராய்ச்சி என்ன கண்டது? உச்சிப் பதவியில் இருந்தோரைவிடக் கடைநிலை ஊழியர்கள் சுமார் மூன்று மடங்கு அதிகமாக இருதய நோயால் மாண்டனர்!

இருதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களின் உட்சுவரில் கொழுப்பு வருஷக்கணக்காகப் படிகிறது. ஒரு நாள் அந்தப் படிவு வெடிக்கிறது. ரத்தம் உறைந்து வழியை அடைக்கிறது. இருதயத் தசை சாகத் தொடங்குகிறது. பீடி, ரத்த அழுத்தம், சர்க்கரை வியாதி, கெட்ட கொழுப்பு ஆகியவை இதற்குக் காரணங்கள். நெடுநேர உழைப்பும் ஒரு காரணமே. வாரம் 55 மணிக்கு மேல் வேலை செய்வோர் இருதய நோயால் சாகும் அபாயம், 35 முதல் 40 மணி வேலை செய்வோரைவிட 17 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேசத் தொழிலாளர் ஸ்தாபனமும் 2021-ல் அறிவித்தன.

புதுச்சேரி மண்ணுக்கு இந்த விஷயம் புதிதல்ல. 1936 ஜூலை 30-ல் பிரெஞ்சு ஆட்சியின் குண்டுக்கு 12 மில் தொழிலாளர் பலியாயினர். அதன் பின் 1937-ல் எட்டு மணி வேலை சட்டமாயிற்று. அந்தத் தியாகிகள் பெற்றுத்தந்த ஓய்வு இருதயத்துக்கும் மருந்து! 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டசபையில் 12 மணி வேலைக்கு வழிசெய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்கள் எதிர்த்து நின்றதால் அது வாபஸாயிற்று. விழிப்பு இல்லையேல் மீண்டும் வரும்.

மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையின் ஒவ்வொரு பட்டறையிலும் 30 வயது கடந்த தொழிலாளருக்கு, கூலி பிடிக்காமல், ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆண்டுதோறும் பரிசோதிக்கப்பட வேண்டும். ஈ.எஸ்.ஐ. பாதுகாப்பு இல்லாத விவசாயத் தொழிலாளிக்குப் பரிசோதனையும் மாத்திரையும் கிராமத்திலேயே கிடைக்க வேண்டும்.

நம் கையில் உள்ளதையும் செய்வோம். பீடியை விட்டு ஒரு வருஷமானால், அதனால் ஏறிய அபாயம் ஏறக்குறையப் பாதியாகக் குறையும். உப்பு நாளைக்கு ஒரு தேக்கரண்டிக்குள் இருக்கட்டும். உடம்பு நன்றாயிருக்கிறதே என்று அழுத்த மாத்திரையை நிறுத்தாதீர்கள். நெஞ்சில் பாரம், இடது கையிலோ தாடையிலோ வலி, குப்பென்று வியர்வை கண்டால், வாயுவென்று சோடா குடித்துக் காத்திராதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். முதல் ஒரு மணி நேரம் பொன்னானது.

தொழிலாளியின் இருதயம் முதலாளியின் இயந்திர உறுப்பல்ல, தேய்ந்ததும் மாற்றிக்கொள்ள. அதைக் காப்பதும் சங்கத்தின் வேலையே!