மந்திரித்ததற்குத் தனி விலையா?

அந்தோனியார் திருவிழா சமயத்தில் ஒரு கோயில் வாசலில் செபமாலை வாங்கப் போயிருந்தேன். எந்தக் கோயில், எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை. இந்தப் பழக்கம் ஒரு கடையோடு நிற்பதும் இல்லை.

அந்தோனியார் மாலையைப் பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன். மும்மூன்று மணிகளாகப் பதின்மூன்று கட்டு, மொத்தம் 39 மணி. ஒவ்வொரு கட்டுக்கும் ஒரு பரலோக மந்திரம், ஒரு அருள் நிறைந்த மந்திரம், ஒரு திரித்துவப் புகழ்.

கடையில் இரண்டு குவியல். "இது கைவேலை, 150. அது கைவேலை, மந்திரிச்சது, 250" என்றார் கடைக்காரத் தம்பி.

அரசாங்கத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தத் தொகையும் எந்தத் தலைப்பில் வருகிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. "அந்த நூறு ரூபாய் எதுக்குத் தம்பி?" என்றேன். "அதுல பலன் இருக்குங்க ஐயா" என்றார்.

இங்கேதான் என் சண்டை. குரு மந்திரித்த செபமாலையைப் பக்தியோடு பயன்படுத்தினால் பலன் உண்டு என்று திருச்சபை சொல்வது உண்மை. ஆனால் அந்தப் பொருள் அழிந்தாலோ விற்கப்பட்டாலோ அதோடு சேர்ந்த பலன் நீங்கிவிடும் என்று சொல்வதும் அதே திருச்சபைதான். 1917-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பிலேயே இந்த விதி இருக்கிறது, இன்றும் மாறவில்லை. ஆக, நாம் நூறு ரூபாய் அதிகம் கொடுத்து வாங்கும் அந்தப் பலன், வாங்கும்போதே போய்விடுகிறது!

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'சிமோனி' என்றொரு சொல் கற்றோம். தூய ஆவியின் வரத்தைக் காசுக்குக் கேட்டு இராயப்பரிடம் திட்டு வாங்கிய மாயவித்தைக்காரன் சீமோன் பெயரில் வந்த சொல். அருளுக்கு விலை வைக்கும் பாவம் அது.

"காணிக்கையா நினைச்சுக்கோங்க" என்பார்கள். காணிக்கைக்கு உண்டியல் இருக்கிறது. விலைச் சீட்டு எதற்கு?

இன்னொரு கணக்கும் பாருங்கள். பொத்தேரியில் எங்கள் பக்கத்துத் தெரு அம்மா ஒருவர் கடைகளுக்கு இந்த மாலைகள் கட்டிக் கொடுக்கிறார். ஒவ்வொரு மணிக்கும் கம்பி நறுக்கி, கோத்து, இரு முனையையும் குறடால் வளைக்க வேண்டும். 39 மணிக்கு 78 வளையம். மாலைக்கு அவருக்குக் கிடைப்பது 40 ரூபாய். கண்ணும் விரலும் தேயும் வேலைக்கு 40, விற்கவே கூடாத ஒன்றுக்கு 100!

யார் பெயரில் இது நடக்கிறது? உடைமை எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்ட கடன்காரனைச் சிறையில் வைக்கக் கூடாது என்று 1231-ல் பதுவா நகரம் சட்டம் போட்டதே, அதற்காகப் பேசிய அந்தோனியார் பெயரில்.

கடைக்காரரை மட்டும் குறை சொல்லவில்லை. கேட்பதற்கு நாம் இருப்பதால்தான் அவர் விற்கிறார். மந்திரிக்காத மாலையை வாங்குங்கள். முடிந்தால் கட்டியவரிடமே வாங்கி, பத்து ரூபாய் கூடக் கொடுங்கள், அது கூலி. பிறகு பூசை முடிந்ததும் சாமியாரிடம் நீட்டுங்கள்.

நான் 150 ரூபாய் மாலைதான் வாங்கினேன். அடுத்த ஞாயிறு எங்கள் பங்குச் சாமியார் ஒரு நிமிடத்தில் மந்திரித்துக் கொடுத்தார். ஒரு பைசா கேட்கவில்லை.